ஆறு மாதம் இருமாமல்

எஃபி பெல்லியின் வீட்டுத் தொலைபேசி அடித்தால் ஒன்று தப்பான எண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் தேவாலயத்துச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டுத் தர முடியுமா என்று கேட்பார்கள். புருஷன் ஹேவர்ட் கூப்பிடுவான் என்ற நினைப்பை அவள் விட்டு வெகுகாலம் ஆயிற்று. மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய்ச் சுரங்கத்து லாரி ஓட்டப் போனவன் அவன். முதலில் மாதம் ஒருமுறை விமானம் ஏறி வந்தான். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தான். அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து மட்டும் வந்தது. இனி வரமாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொலைபேசி அடித்தபோது எஃபி அவசரப்படவில்லை. ரொட்டி மாவை உள்ளங்கையில் தட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் போட்டுவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகப் போய் எடுத்தாள்.

"மிஸஸ் பெல்லியா? வணக்கம் மேடம். நான் ஜனெல் பேசறேன், உங்க கிரெடிட் கார்டு பேங்க்லேருந்து. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

நகரத்துக்காரர்களுக்கு இது ஒரு செருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்கிற மாதிரி கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். கேப்லின் ஆர்ம் என்ற இந்தக் கடலோரக் கிராமத்தில் அப்படியல்ல. எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் எப்படி இருக்கிறோம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் ஏதோ கோபம் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

"எப்படி இருக்கேன்னு சொல்லுகது மக்ளே," என்று எஃபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முட்டி வலி கொஞ்சம் தேவலை. இந்த மூடுபனிதான் கழுத்தறுக்கு. கொடியில போட்ட துணி போட்டபடி கெடக்கு. கேப்லின் கரைக்கு வந்துட்டுல்லா, அது வந்தா கூடவே மூடுபனியும் வரும் பாத்துக்கோ."

"கேப்லின்னா என்ன மேடம்?"

"கேப்லின் தெரியாதா? நீ எந்த ஊரு?"

"ஒன்டாரியோ மேடம்."

"அதான். சின்ன மீனு. முட்டை போட கரைக்கு வரும். அலை தூக்கிக் கல்லு மேல வீசும், நாம வாளியில அள்ளிக்க வேண்டியதுதான். புள்ளைங்க, கெழவன் கெழவி எல்லாம் நிப்பாங்க. நான் இந்த வருசம் போகல."

"ஏன் மேடம்?"

ஏன் என்று அவளை யாரும் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "கரைக்கு இறங்கி ஏறணும்லா," என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அடுப்பில் கருகிய வாடை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜனெல் விஷயத்தைச் சொன்னாள். சீக்கு வந்தோ அடிபட்டோ வேலைக்குப் போக முடியாமல் போனால் கிரெடிட் கார்டு பாக்கியை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிக்கொள்ளும். மாதாமாதம் பாக்கிக்குத் தகுந்தமாதிரி ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இப்போதே சேர்த்துவிடலாம்.

எஃபியின் கார்டில் பாக்கி இருந்தது. போன பிப்ரவரியில், கதவைத் திறக்க முடியாதபடி பனி குவிந்திருந்த வாரத்தில், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் உயிரை விட்டது. புதுசு வாங்காமல் முடியாது. அது முழுவதும் கார்டில் ஏறி, இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. அதை ஜனெலும் தன் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

"யோசிச்சுச் சொல்லுகேன் மக்ளே. வியாழக்கிழமை கூப்பிடுதியா?"

"கண்டிப்பா மேடம்."

வியாழக்கிழமை ஒரு தொலைபேசி வரும். பொரித்த ரொட்டியில் கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டு, வெல்லப்பாகை ஊற்றிச் சாப்பிடும்போது எஃபி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸை அல்ல.

நண்டு ஆலையில் எஃபியின் இடம் பெல்ட்டின் கடைசியில், வேகவைக்கிற தொட்டியைத் தாண்டி. படகில் வரும் நண்டை மேல்முனையில் ஆண்கள் இரண்டாகப் பிளப்பார்கள். தொட்டியில் வெந்து, ஆவி பறக்கச் சிவந்து வரும் கால்களைப் பெண்கள் பொறுக்கி, உதறி, தட்டில் அடுக்க வேண்டும். தலையில் வலை, கையில் ரப்பர் உறை, காலில் கம்பூட்டு. நாள் முழுக்க நின்றபடி வேலை. பக்கத்தில் நிற்பவள் ஊனா ஹைன்ஸ். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு பேரும் அந்த இடத்தில் நிற்கிறார்கள். ஊனாவின் வாய்க்கும் பெல்ட்டுக்கும்தான் போட்டி, எது முதலில் நிற்கும் என்று.

அந்த ஆவிதான் வினை. வெந்த நண்டின் ஆவி சிலருடைய நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் மூக்கில் நீர் வடியும், பிறகு இருமல், பிறகு படுத்தால் மூச்சு வராது. நண்டு ஆஸ்துமா என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆலையில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. நண்டுச் சளி என்பார்கள். சளி என்றால் வந்து போகிற ஒன்று. ஆஸ்துமா என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆலைக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். மேபல் ராபர்ட்ஸுக்கு அதுதான் நடந்தது. ஈட்டுத்தொகை கேட்டு இன்றைக்கும் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலில் அவள் முகம் தெரியும். எல்லோரும் கையை ஆட்டுவார்கள், உள்ளே போகமாட்டார்கள்.

எஃபிக்கு நண்டுச் சளி வந்து இது மூன்றாவது சீசன். எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

"இன்சூரன்ஸா?" என்றாள் ஊனா புதன்கிழமை டீ நேரத்தில். "ஏட்டி எஃபி, அந்தச் சவத்துப் பயக எல்லாருக்கும் கூப்பிடுதானுவ. எனக்கும் ஒருத்தன் கூப்பிட்டான். 'மேடம், நீங்க ஊனமாயிட்டா என்ன பண்ணுவீங்க'ங்கான். 'முதல்ல ஒன்ன ஊனமாக்கிட்டு அப்புறம் யோசிக்கேன்'னேன். வச்சிட்டான்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எஃபியும் சிரித்தாள். சிரித்தது இருமலாகி, இருமல் நிற்காமல் போயிற்று. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது. சிரிப்பு அடங்கி எல்லோரும் தங்கள் தங்கள் டீயைப் பார்த்தார்கள். ஊனா மட்டும் எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"ஒங்கிட்ட பேசினது வெவரமான பொண்ணுதான் போலிருக்கு," என்றாள் ஊனா கொஞ்ச நேரம் கழித்து, இப்போது கிண்டல் இல்லாமல். "என்ன சொன்னா, இன்னொருக்கச் சொல்லு கேப்போம்."

அன்று மத்தியானம் எஃபியால் முடியவில்லை. தட்டைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊனா அவளைப் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோய், ஐஸ் பெட்டிகளின் மேல் உட்காரவைத்தாள். மூடுபனியில் துறைமுகம் இருந்த இடமே தெரியவில்லை. படகு ஒன்றின் இயந்திரச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"இன்னும் எத்தனை மணி வேணும் ஒனக்கு?" என்று கேட்டாள் ஊனா.

அது அந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற கேள்வி. சீசனில் இவ்வளவு மணி நேரம் உழைத்தால்தான் குளிர்காலம் முழுக்க அரசாங்கத்து வேலையில்லாக் காசு கிடைக்கும். ஒரு மணி குறைந்தாலும் கிடையாது.

"ரெண்டு வாரத்து வேலை வேணும்."

"சரி. நீ வீட்டுக்குப் போ. ரீட்டாவுக்கு மணி நெறஞ்சாச்சு. அவ ஒன் வருகை அட்டையப் போட்டு ஒன் பேருல நிக்கட்டும். சிரில்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

ரீட்டா ஊனாவின் நாத்தனார். சிரில் மேஸ்திரி. அவன் பார்க்க வேண்டியதைப் பார்ப்பான், பார்க்க வேண்டாததை ஒருநாளும் பார்த்ததில்லை. யாருக்காவது மணி குறைந்தால் மணி நிறைந்தவர்கள் அவர்கள் பெயரில் நின்று கொடுப்பது அங்கே காலகாலமாக நடப்பதுதான். ஊனாவுக்குக் கருப்பை எடுத்த வருஷம் எஃபி அவள் பெயரில் நின்றிருக்கிறாள். நன்றி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது கடனாகிவிடும்.

வியாழக்கிழமை ஜனெல் கூப்பிட்டாள். சொன்ன நேரத்துக்கே கூப்பிட்டாள். எஃபி தலையை வாரிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலையை ஏன் வாரிக்கொண்டோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

முதலில் மூடுபனியைப் பற்றிப் பேசினார்கள். ஜனெலின் மகனுக்குப் பல் முளைக்கிறதாம், ராத்திரி தூங்கவிடுவதில்லையாம். துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றிக் கடிக்கக் கொடு என்றாள் எஃபி. பிறகுதான் அவள் கேட்டாள். "இதுல என்னெல்லாம் சட்டம் இருக்கு மக்ளே? மெல்லப் படி. நான் அவ்வளவு படிச்சவ இல்ல."

ஜனெல் மெல்லப் படித்தாள். சேருவதற்கு முன்னால் ஏதாவது சீக்குக்கு அறிகுறி இருந்தாலோ, டாக்டரைப் பார்த்திருந்தாலோ, அந்தச் சீக்கால் முதல் ஆறு மாதத்தில் முடியாமல் போனால் ஒரு காசு கிடைக்காது. ஆறு மாதம் அந்தச் சீக்கு தலை காட்டாமல் இருந்துவிட்டால் அதற்கப்புறம் கிடைக்கும்.

"எங்க வேலை வருசத்துல பாதிதான். மிச்சப் பாதி வீட்டுலதான் இருப்போம். அப்பவும் இது செல்லுமா?"

"அதை நான் கேட்டு வச்சிருக்கேன் மேடம். அடுத்த சீசன் லிஸ்ட்ல உங்க பேரு இருந்தாப் போதுமாம்."

எனக்காகக் கேட்டு வைத்திருக்கிறாளே என்று எஃபிக்கு மனசு நிறைந்துவிட்டது. அது அந்தப் பெண்ணின் பிழைப்பு என்பதும் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நிறைந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சரி என்றால் இவள் இனிமேல் கூப்பிடமாட்டாள். வேண்டாம் என்றாலும் கூப்பிடமாட்டாள்.

"செவ்வாய்க்கிழமை சொல்லுகேனே," என்றாள்.

"செவ்வாய்க்கிழமை கடைசி மேடம். அதுக்கு மேல என்னால ஃபைலை வச்சிருக்க முடியாது."

அந்த வாரக்கடைசியில் எஃபி படுக்கையில் படுக்கவே இல்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தமாதிரி இருந்தது. ஹேவர்டின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவன் போனபிறகு அதில் அவள் உட்கார்ந்ததில்லை. அவன் உடம்பு பதிந்த பள்ளம் அதில் இன்னும் இருந்தது. அவள் உடம்புக்கு அது பொருந்தவில்லை. காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது தன்னையறியாமல் எழுந்துவிடுவாள். பெண்கள் பேசிக்கொண்டு சாலையில் இறங்கிப் போகும் சத்தம் கேட்கும். ஜன்னலுக்குப் போகமாட்டாள். தான் ஆலையில் நின்றுகொண்டிருப்பதாக அல்லவா கணக்கு.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, வானொலியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே திருடிபோல இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊனா வந்தாள். உப்புக்கறியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஒரே பானையில் வேகவைத்து, மேலே தட்டைக் கவிழ்த்து, துண்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கம்பூட்டைக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்து கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.

"சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்க. மூடுபனியில ஒன்னப் பாத்தா நான் பேய்ன்னு ஓடிருவேன்."

எஃபி இரண்டு வாய் சாப்பிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது வாய்.

"நான் ரெண்டு நாளா யோசிச்சேன்," என்றாள் ஊனா, டின் பாலை டீயில் ஊற்றியபடி. "அந்த இன்சூரன்ஸ எடுத்துரு. செவ்வாய்க்கிழமை கூப்பிடுதாள்லா, சரின்னு சொல்லிரு. இப்ப காயிதத்துல நீ குதிரை மாதிரி இருக்க. நாள் தவறாம வேலைக்குப் போயிட்டு இருக்க. ஒரு டாக்டரைப் பாத்தது கெடையாது. ஒனக்குச் சீக்குன்னு எவன் சொல்லுவான்? ஆறு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இரு. ஜனவரியில, பனி விழுந்தப்பெறவு, டாக்டர்கிட்ட போயி 'ஐயோ இன்னைக்குத்தான் நெஞ்சு அடைக்கு'ன்னு நில்லு. ஃபர்னஸுக்கு அவனுவ கட்டிக்கிடட்டும். இத்தனை வருசமா நம்மகிட்ட வட்டி தின்னானுவல்லா."

"ஆறு மாசம்."

"ஆறு மாசந்தான். கோடை ஒண்ணு, குளிரு பாதி."

"ஆறு மாசம் டாக்டர்கிட்டப் போகாம இருக்கணும்."

"ஆமா பின்ன. போனா எழுதிப்புடுவான்லா."

எஃபி முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊனா, நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருந்தேன்."

ஊனாவின் கை டீக் கோப்பைக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"நாளைக்கா? திங்கக்கெழமையா? நாளைக்கு நீ பெல்ட்டுல நிக்கேட்டி! ஒன் அட்டை காலையில எட்டு மணிக்கு உள்ள போகும், அஞ்சு மணிக்கு வெளிய வரும். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில நீ என்ன செய்யுத? அதுவும் கவர்மென்ட்டு காயிதம், இதுவும் கவர்மென்ட்டு காயிதம். என்னைக்காவது எவனாவது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சான்னா ரீட்டா போனா, சிரில் போனான், நான் போனேன். எம் மவன் இப்பத்தான் படகுக்கு லோன் வாங்கியிருக்கான்."

"எனக்குப் படுக்க முடியல ஊனா."

"தெரியும்டி."

"உக்காந்துக்கிட்டே தூங்குகேன்."

"தெரியும்ங்கேன்லா!" ஊனா எழுந்துவிட்டாள். கத்தினாள். அவள் கத்துவது கோபத்தில் அல்ல என்று எஃபிக்குத் தெரியும். பயம் வந்தால்தான் ஊனா கத்துவாள். "எனக்குத் தெரியாதா? தெனமும் பக்கத்துல நின்னு கேக்கேன்லா ஒன் மூச்ச! மேபலைப் பாத்தியா? டாக்டரு எழுதிக் குடுத்தாரு, என்ன கெடச்சுது அவளுக்கு? ஜன்னலு கெடச்சுது. நீயும் ஜன்னல்ல உக்காரப் போறியா? ஒனக்குன்னு யாரு இருக்கா, சொல்லு. ஹேவர்ட் வரப்போறானா, ஒனக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க?"

சொன்னபிறகு அவளுக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊனா சொன்னதைத் திரும்ப எடுத்துப் பழக்கமில்லாதவள். துண்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"போறதுன்னா போ. ஆனா என்னத் தெரியும்னு எங்கயும் சொல்லாத. நானும் ஒன்னத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

கதவு சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த பீங்கான் தட்டு ஆடியது. பானையை அவள் விட்டுவிட்டுப் போயிருந்தாள். எஃபி வெகுநேரம் அந்தப் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அழுதால் மூச்சு முட்டும் என்பதால் அழவும் முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்தாள். ஊனா சொன்னதில் தப்பே இல்லை. சீக்கு வந்தால் காப்பாற்றுவதற்கு ஒரு இன்சூரன்ஸ். ஆனால் அது வேண்டுமென்றால் சீக்கு இல்லாதமாதிரி ஆறு மாதம் இருக்க வேண்டும். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, இருமினால் தலையணையில் இரும வேண்டும். கார்டு பிழைத்துக்கொள்ளும். ஆள் பிழைப்பாளா? எடுக்காமல் டாக்டரிடம் போனாலோ, மணியும் குறைந்து, ஆலையும் போய், ஃபர்னஸ் கடனோடு குளிர்காலத்துக்குள் போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இதைக் கேட்பதற்கும் ஒரு ஆள் இல்லை. ஆல்பர்ட்டா எண்ணைப் பாதி வரை சுழற்றிப் பார்த்தாள். அங்கே வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூடுபனி விலகியிருந்தது. ஜனெல் கூப்பிட்டாள்.

"ஐஸ்கட்டி வேலை செஞ்சுது மேடம். ராத்திரி பூரா தூங்கினான்."

"தூங்குவான். எல்லாம் அப்படித்தான்." எஃபி சிரித்தாள்.

"அப்போ சேத்துரலாமா? நான் ஒரு வாக்கியம் படிப்பேன். கேட்டுட்டு ஆமான்னு சொன்னீங்கன்னாப் போதும்." ஜனெலின் குரல் மாறியது. பாடம் ஒப்பிக்கிற குரல். "எனக்குத் தெரிந்தவரை இன்று நான் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறேன், வேலை செய்யத் தகுதியுடன் இருக்கிறேன்."

எஃபி தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தாள். அதில் தன் மூச்சே தனக்குக் கேட்டது. சளி கரகரத்து, இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. இவ்வளவு சத்தமாகவா இருக்கிறது என்று அவளுக்குத் திக்கென்றது. பக்கத்தில் நின்று ஊனா தினமும் கேட்டது இதைத்தான்.

"மேடம்? ஆமான்னு சொல்லணும்."

"இல்ல மக்ளே."

"வேண்டாமா?"

"வேணுமா வேண்டாமான்னு இல்ல. ஆரோக்கியம் இல்ல. நான் சீக்காளி. மூணு வருசமா நெஞ்சுல நண்டு ஆஸ்துமா. படுத்தா மூச்சு வரல. படி ஏறினா கண்ணு இருட்டுது. கேப்லின் அள்ளப் போகலைன்னேன்லா, கரைக்கு இறங்கினா நான் திரும்ப ஏறமாட்டேன்."

தாழ்ந்த குரலில், "மேடம், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது," என்றாள் ஜனெல். "நீங்க இதையெல்லாம் என்கிட்ட சொன்னீங்கன்னா, பின்னாடி எப்பவுமே..."

"ஆகட்டும். எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும். நான் இதை வாய்விட்டு யாருகிட்டயும் சொன்னது கெடையாது."

"டாக்டர் கிட்டப் போகலையா?"

"நாளைக்குப் போறேன்."

"போங்க மேடம். நிஜமாப் போங்க." சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பாடக்குரல் திரும்பி வந்தது. "இன்னைக்கு வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

என்ன கேட்கலாம் என்று எஃபி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மக்ளே. புள்ளையப் பாத்துக்கோ."

இணைப்பு போயிற்று. வெளியே நல்ல வெளிச்சம். திரைச்சீலையை அவள் விலக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் சங்கு ஊதியதும் எஃபி கோட்டு போட்டுக்கொண்டு ஆலைக்கு நடந்தாள். வழியில் மூன்று இடத்தில் நின்றாள். வாசலில் இருந்த பலகையில் அட்டைகள் வரிசையாகச் செருகியிருந்தன. ரீட்டா கையில் எடுத்திருந்த அட்டையை எஃபி வாங்கிக்கொண்டாள். நேரே சிரிலின் அறைக்குப் போய் மேசையில் அதை வைத்தாள்.

"இன்னையோட நான் நிக்கல சிரில். எம் பேருல யாரையும் நிக்க வைக்காத. என் பேர லிஸ்ட்லேருந்தும் எடுத்துரு."

"எஃபி, இன்னும் ஒரு வாரந்தான் வேணும் ஒனக்கு," என்றான் சிரில். அட்டையை அவன் தொடவில்லை. "கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும். குளிருக்கு என்ன செய்வ?"

"தெரியல. ஆனா நேத்து வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். ஒன் கணக்குலயும் அப்படித்தான், டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். யாருக்கும் ஒரு கெடுதலும் வராது."

சிரில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவன் பார்க்க வேண்டாததைப் பார்க்காதவன். இன்றைக்குப் பார்த்துவிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே வரும்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெல்ட் ஓடத் தொடங்கியிருந்தது. ஆவி எழும்பியது. ஊனா தன் இடத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஊனா நிமிர்ந்து எஃபியைப் பார்த்தாள். கையை ஆட்டவில்லை. குனிந்து, இரண்டு பேர் பொறுக்க வேண்டிய நண்டுக் கால்களையும் ஒருத்தியாகவே பொறுக்கத் தொடங்கினாள்.

டவுனுக்கு எப்போதும் ஊனாவின் வண்டியில்தான் எஃபி போவாள். அன்று வாடகை வண்டி பிடித்தாள். வண்டிக்காரன் வெளியூரான். வழி நெடுக ஒன்றும் பேசவில்லை.

ஆஸ்பத்திரி முன்னறையில் சின்னப் பெண் ஒருத்தி கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலையிலேருந்து," என்றாள் எஃபி, மூச்சை இழுத்து இழுத்து.

பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மூன்று வருஷத்து இருமலை அடையாளம் தெரியாத பெண்ணல்ல அவள். எஃபி சொன்னதை அப்படியே கணினியில் போட்டுக்கொண்டாள்.

"ஏதாவது அவசரம்னா யாருக்குச் சொல்றது ஆன்ட்டி? இதுல ஹேவர்ட் பெல்லின்னு இருக்கு, புருஷன்."

"அவன எடுத்துரு."

"எடுத்துட்டு? யார் பேரு போடறது?"

எஃபி சுற்றிலும் பார்த்தாள். யார் யாரோ யார் யாருடனோ வந்திருந்தார்கள்.

"ஊனா ஹைன்ஸ்," என்றாள். எண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்? அக்காவா, தங்கச்சியா?"

"பெல்ட்டுல எம் பக்கத்துல நிக்கிறவ."

"அப்படின்னு போட இதுல இடம் இல்லையே ஆன்ட்டி. நீங்க வந்திருக்கறது அவங்களுக்குத் தெரியுமா? பேசிட்டீங்களா?"

"பேச்சு வார்த்தை இல்ல," என்றாள் எஃபி. "நீ கூப்பிட்டா என்னத் தெரியவே தெரியாதும்பா. கத்துவா. போன வச்சிருவா." நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ போட்டுக்கோ மக்ளே. அவ வருவா."